கேட்டால் திட்டுவீங்களா? நண்பனுக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை

அன்பு நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், ஆனால் நீ கேட்டிருந்தது நாலு வரியில் பதில் சொல்லிவிடுகிற விஷயமாக இல்லை. அதுதான் தாமதம். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் ஞாயிறு காலை ஆராதனையை மட்டும் விடுவதில்லை, ஆட்டோ பிடித்தாவது போய்விடுகிறாள். பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. இந்த வருஷம் ஐப்பசி மழை மோசமில்லை. ஆற்றில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது.

சரி, உன் மகள் விஷயம். பிளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்து கோயிலுக்குக் கிளம்பச் சொன்னால் முகம் சுளிக்கிறாள், தோழிகள் வீட்டுக்கு வந்தால் மேசைமேல் இருக்கிற பைபிளை எடுத்து உள்ளே வைக்கிறாள் என்று எழுதியிருந்தாய். விசுவாசம் போய்விட்டதோ என்று நீ பயப்படுவது புரிகிறது. ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாராவது ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாததால்தான் மறைக்கிறாள் என்று நினைக்கிறேன். விசுவாசம் போன பிள்ளை பைபிளை மறைக்க மெனக்கெடாது.

பிள்ளைகளைச் சபையில் முழு அங்கமாகச் சேர்ப்பதற்கு முன் நடத்துகிற திடப்படுத்தல் வகுப்பை நான் எடுக்கிறேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன் அல்லவா? இது ஆறாவது வருஷம். இந்த முறை 14 பிள்ளைகள். முதல் நாள் பத்துக் கட்டளையில் ஆரம்பிக்காமல், ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தேன். வீட்டிலும் கோயிலிலும் கேட்க முடியாத ஒரு கேள்வியை எழுதுங்கள், பெயர் போட வேண்டாம் என்றேன். தாள்களை வாங்கிக்கொண்டு வந்து ராத்திரி சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் படித்தேன். "என் பெஸ்ட் ஃப்ரெண்ட் இந்து. அவள் நரகத்துக்குப் போவாளா?" "எல்லாரும் ஜெபம் பண்ணியும் எங்க தாத்தா ஏன் செத்தார்?" "மொபைல்ல ஒருத்தர் பைபிளைக் கிண்டல் பண்றார், பதில் தெரியல." ஒரு தாளில் 'கேள்வி இல்லை' என்று எழுதி அடித்திருந்தது. அதற்குக் கீழே, பென்சிலில், பொடி எழுத்தில், "கேட்டால் திட்டுவீங்களா?"

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் வருஷ வகுப்பில் ஒரு பையன் நோவாவின் பேழையைப் பற்றி ஏதோ கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் "சந்தேகப்படாதே, விசுவாசி" என்று வாயடைத்துவிட்டேன். பேராயர் வந்து கை வைத்து அவனைத் திடப்படுத்திவிட்டுப் போனார். அதோடு சரி, அப்புறம் அவன் கோயில் பக்கம் வரவில்லை. இப்போதும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா சார்" என்று மரியாதையாகத்தான் கேட்கிறான். நின்று பேசுவதில்லை. அது என் தப்பு. அதற்காக இன்னும் ஜெபிக்கிறேன்.

இந்த வருஷத் தாள்களில் எங்களுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. "ஃப்ரெண்ட் பிரசாதம் கொடுத்தால் வாங்கலாமா? வேண்டாம்னா அவன் மூஞ்சி வாடிப்போகுது." நம் வயதில் நீயும் நானும் இதில் தடுமாறியிருக்கிறோம். ஒருவர் வாங்காதே என்பார், இன்னொருவர் ஜெபித்துவிட்டுச் சாப்பிடு என்பார். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. நான் பதில் சொல்லாமல், பவுல் எழுதின 1 கொரிந்தியர் நிருபத்தில் 8ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னேன். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று கொரிந்து பட்டணத்து விசுவாசிகளும் கிட்டத்தட்ட இதையேதான் பவுலிடம் கேட்டிருக்கிறார்கள், அவர் 10ஆம் அதிகாரம் முடியும்வரை அதைப் பேசுகிறார் என்றதும் பிள்ளைகள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தங்கள் பள்ளிக்கூடத்துப் பிரச்சினை பைபிளுக்குள் இருக்கும் என்று அவர்கள் நினைத்ததே இல்லை. ஒரே சண்டை. பவுல் ஓர் இடத்தில் விக்கிரகப் பந்தியில் கலக்காதே என்கிறார், இன்னோர் இடத்தில் வைத்ததைச் சாப்பிடு என்கிறார், கூடவே அடுத்தவன் மனசாட்சியையும் பார் என்கிறார். அவர்களே பேசிப் பேசி, வாங்க வேண்டாம் என்றுதான் பெரும்பாலோர் முடிவுக்கு வந்தார்கள். அப்புறம் அதை எப்படிச் சொல்வது என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "தப்பா நினைக்காதேப்பா, நாங்க சாப்பிடுறதில்ல. ஆனா கிறிஸ்துமஸுக்கு நீ கண்டிப்பா எங்க வீட்டுக்கு வரணும்." அடுத்த வாரம் வகுப்பில் வந்து சொன்னாள், தோழி கோபித்துக்கொள்ளவே இல்லையாம். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றாளாம்.

கேட்கிற யாவருக்கும் உத்தரவு, அதாவது பதில், சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதிய வசனத்தை நாமெல்லாம் சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். அதே வசனத்தில் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்று இருப்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. தைரியம் என்றால் குரலை உயர்த்துவது என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். தானியேலைப் பார். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோய்ப் பெயரையே மாற்றினார்கள், கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் படிக்க வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் உட்பட்டான். ராஜாவின் சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்பதில் மட்டும் உறுதியாக நின்றான். அதையும் அதிகாரியிடம் பத்து நாள் சோதித்துப் பாரும் என்று பணிவாகத்தான் கேட்டான். எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்று யோசிக்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். கூடாது என்று நாமே ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால், நாம் பக்கத்தில் இருக்கும்வரைதான் அது நிற்கும்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். வாலிபர்கள் என்றால் கோயில் விருந்தான அசனத்துக்குப் பந்தி பரிமாறவும், கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப்போகும் கேரல் ரவுண்ட்ஸில் டிரம் தூக்கவும்தான் என்று சபையில் ஒரு பழக்கம் இருக்கிறது. அது போதாது. எங்கள் தெருக்கோடியில் கண்புரை முற்றின ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேர் போய் அவருக்கு வேதம் வாசிக்கிறார்கள். முதல் நாளே அவர் சங்கீதம் 71ஐக் கேட்டிருக்கிறார். "முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும்" என்ற இடம் வந்ததும் பாட்டி கையை நீட்டி, வாசித்த பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாராம். வகுப்பில் வாயே திறக்காத பையன் அவன். இப்போது மற்ற இருவரும் வராவிட்டாலும் தனியாகப் போய் வாசித்துவிட்டு வருகிறான்.

நம் வெள்ளாளன்விளைக்காரர், பின்னாளில் பேராயரான அசரியாவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனெரிகளை அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்தார். மறுவருஷமே இங்கே திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிவிட்டது. அப்போது அவருக்கு வயது 28. அவர் 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து, நீங்கள் எவ்வளவோ கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இந்தப் பிள்ளைகளும் நம்மிடம் அதைத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. பிரசங்கம் அவர்களுக்கு நிறையவே கிடைக்கிறது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதே. உன் அப்பா இறந்தபின் எட்டு மாதம் நீ கோயில் வாசலை மிதிக்கவில்லை. நம் ஊசிக்கோபுரக் கோயிலுக்கு எதிரே சைக்கிளை நிறுத்திவிட்டு, "உள்ளே போனால் ஆண்டவர்கிட்ட என்ன பேசுறதுன்னு தெரியல" என்று என்னிடம் சொன்னாய். திரும்பிப் போன அன்றைக்குக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாய். இதெல்லாம் உன் மகளுக்குத் தெரியுமா? சொல்லியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். சொல். பைபிளை ஏன் மறைக்கிறாய் என்று கேட்பதை இப்போதைக்கு விட்டுவிட்டு, முதலில் இதைச் சொல். அவள் ஏதாவது கேட்டால், பதில் தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே சொல்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ரெண்டு நாள் முன்னதாகவே குடும்பத்தோடு வா. எங்கள் வகுப்புப் பிள்ளைகளோடு அவளும் கேரல் ரவுண்ட்ஸ் வரட்டும். அந்தப் பென்சில் எழுத்துக்காரப் பிள்ளை யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. திட்ட மாட்டேன் என்று வகுப்பில் சத்தமாகச் சொன்னேன். அடுத்த வாரமே அதே எழுத்தில் மூன்று கேள்விகள் வந்தன. ஒன்றுக்கு எனக்கு இன்னும் பதில் பிடிபடவில்லை. நீ வந்ததும் ரெண்டு பேருமாக உட்கார்ந்து பார்ப்போம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய நண்பன்