மாமியை வழியனுப்பி வைத்தவர்களுக்கு

மாமியின் 31ஆம் நாள் திருப்பலி இன்று காலை நிறைவேறியது. செய்தி கேட்டு ஓடி வந்தவர்கள், மூன்று நாளும் சமைத்துத் தந்த அயலவர்கள், இரவிரவாகச் செபமாலை சொன்னவர்கள், கிறவல் வீதியில் பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள், வெளிநாடுகளிலிருந்து தொலைபேசியில் அழுதவர்கள் எல்லோருக்கும் வீட்டுக்கு வீடு வந்து நன்றி சொல்லவே விரும்பினேன். செத்தவீட்டு ஓட்டத்தில் செயற்கைக் கால் உரசிப் புண்ணாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி, மரண அறிவித்தலை எழுதித் தந்த ஆசிரியர் ஐயாவுக்கு. மகனின் பெயர் வந்ததும் உங்கள் பேனை நின்றது. ‘காலஞ்சென்ற’ என்று போட மாமி ஒருநாளும் சம்மதித்திருக்கமாட்டார். பெயரை மட்டும் எழுதினீர்கள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் என் பெயரையும் எழுதி, ‘அன்பு மாமியாரும் ஆவார்’ என்று முடித்தீர்கள்.

எங்களுக்குக் கலியாணம் நடக்கவில்லை, ஐயா. நடக்கும் வயதும் அல்ல. வன்னியில் போர் நடந்த 2008இல் எனக்கு 16, அவனுக்கு 17. மன்னார்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து தர்மபுரத்துக்கு வந்த குடும்பம் அவர்களுடையது. மரத்தடி வகுப்பில் என் கணக்குக் கொப்பியை இரவல் வாங்கினான். திரும்பி வந்தபோது கடைசித் தாளில் ஒரு வரி இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். அந்த ஆண்டு ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சுரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. “மாதாவே இடம்பெயர்ந்துவிட்டார், நாங்கள் எம்மாத்திரம்” என்பான். நான் சைவம். பதுங்குகுழிக்குள் அவனுடைய ‘அருள் நிறைந்த மரியே’யும் என்னுடைய ‘முருகா’வும் ஒன்றாகத்தான் ஒலித்தன. எந்தத் தெய்வம் எங்களைக் காத்தது என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

2009 மார்ச்சில் மாத்தளனில் எறிகணை விழுந்தது. செஞ்சிலுவைச் சங்கக் கப்பலுக்குக் காயக்காரரை ஏற்றிச் சென்ற படகு வரை என்னைச் சுமந்து வந்தவன் அவன்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி தன் செபமாலையை என் கையில் சுற்றிவிட்டான். அவனை நான் கண்டது அவ்வளவுதான். புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவினர் என் இடது காலை எடுத்து உயிரை மீட்டார்கள். அந்த வைத்தியர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் இங்கேயே நன்றி சொல்கிறேன்.

போர் முடிந்த மே 18 அன்று வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்த பின், விசாரணைக்கென்று பஸ்ஸில் ஏற்றப்பட்ட மகனை மாமி கடைசியாகக் கண்டார். பிறகு செட்டிகுளம் முகாமில், முட்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என் கையிலிருந்த செபமாலையை அடையாளம் கண்டு பெருங்குரலெடுத்து அழுதார். அன்றிலிருந்து அவர் எனக்கு மாமி. எனக்கு ஜெய்ப்பூர் கால் பொருத்த யாழ்ப்பாணத்துக்கு அழைத்துப் போனவரும், நான் நடை பழகிய நாட்களில் கூடவே நடந்தவரும் அவரே. அந்தக் காலைச் செய்து தந்தவர்களின் கைகளுக்கு என் வணக்கம்.

பங்குத்தந்தை அவர்களே, ஒவ்வொரு நவம்பர் 2ஆம் திகதியும் இறந்தோர் பட்டியலில் அவன் பெயரைச் சேர்க்க மாமி மறுத்தார். நீங்கள் ஒருமுறையும் முகம் சுளிக்கவில்லை. உயிரோடிருப்பவர்களின் பூசைக் கருத்தில் அவன் பெயரை வாசித்தீர்கள். இன்று தாயின் திருப்பலியிலும் அப்படியே வாசித்தீர்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு மாமியோடு வெயிலிலும் மழையிலும் போராட்டத்தில் இருந்த அம்மாமாரே, நீங்கள் பஸ் பிடித்து வந்தீர்கள். பூவோடு, மாமி மடியில் வைத்திருந்த அந்தப் படத்தையும் கொண்டுவந்தீர்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் காசு கிடைக்கும் என்று சொன்னவர்களிடம், “பிள்ளையைத் தாருங்கள், காசு வேண்டாம்” என்று மாமி சொன்னதை நீங்கள் பெட்டியருகே இருந்து சொல்லி அழுததை என்னால் மறக்க முடியாது. உங்களில் எத்தனை பேரை இப்படியே வழியனுப்பிவிட்டோம்!

அண்ணா, வேதக்காரப் பையன் என்று அன்று என் கொப்பியைக் கிழித்தெறிந்தவர் நீங்கள். அவனுடைய தாயின் பெட்டிக்கு முதலில் தோள் கொடுத்தவரும் நீங்கள்தான். அந்த இடத்தில் அவன் நின்றிருக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

பெட்டி மூடுமுன் அந்தச் செபமாலையை மாமியின் விரல்களில் வைக்கப் போனேன். அருட்சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவன் வந்தால் கேட்பான், வைத்திரு” என்றார். சகோதரி, அது என்னிடம் இருக்கிறது.

பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள்க.

இங்ஙனம்,
மருமகள்