சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் போனில் "பொழுது எப்படிப்பா போகுது?" என்று கேட்டாய். "போகுதும்மா" என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு இதையெல்லாம் பேச எனக்கு வராது. எழுதினால் வரும். அதனால் இந்தக் கடிதம். சாவகாசமாகப் படி, ஆபீசில் வைத்துப் படிக்காதே.

அச்சகத்தை மூடியதிலிருந்து நீ என்னிடம் பேசுகிற தொனியே மாறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனிடம் பேசுகிற மாதிரி பேசுகிறாய். "யாரையாவது போட்டு இன்னும் கொஞ்ச நாள் நடத்தியிருக்கலாமேப்பா" என்று இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டாய். முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

மினி ஆப்செட் அச்சு மிஷினில் ஒரு வேலையை ஏற்றினால், நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட், அதாவது அச்சுத் தகட்டுச் செலவு ஒன்றுதான். ரோலரைக் கழுவி மை மாற்றுகிற நேரமும் ஒன்றுதான். அச்சு நேராக விழும்வரை வீணாகிற தாளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயிரத்தைத் தாண்டினால்தான் நமக்கு ஏதாவது நிற்கும். முன்பு கல்யாணப் பத்திரிகை என்றால் ஆயிரம். சொந்தபந்தம் பெருத்த வீடென்றால் ஆயிரத்தைந்நூறு. இப்போது இருநூறு. சாமி படத்துக்கு முன்னால் வைக்க, மாமன் வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுக்க. மற்றவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப். அந்த இருநூறையும் டிஜிட்டல் பிரிண்டில் கலராக, நின்ற இடத்திலேயே வாங்கிக்கொண்டு போய்விடலாம். இதில் நான் யாரைப் போட்டு நடத்தினாலும் அவர் சம்பளத்துக்கு நான் கடன்தான் வாங்கியிருக்க வேண்டும்.

நம் கடை கடைசியாகத் திணறத் திணற ஓடியது 2017 ஜூலையில். உனக்கு நினைவிருக்கும், காலேஜ் திறப்பதற்குள் நீயும் உட்கார்ந்து நம்பரிங் சரிபார்த்தாய். ஜிஎஸ்டி வந்த மாதம் அது. பழைய வரி எண் போட்ட பில் புக் எதுவும் செல்லாது என்று, கும்பகோணம் டி.எஸ்.ஆர். பெரிய தெருவிலிருந்து தாராசுரம் வரைக்கும் எல்லாக் கடைக்காரர்களும் நம் வாசலில் நின்றார்கள். ஊரே ஜிஎஸ்டியைத் திட்டிக்கொண்டிருந்தது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதே ஜிஎஸ்டிதான் அப்புறம் ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டர் பில்லுக்குத் தள்ளியது. பில் புக் போனது. பள்ளிக்கூடக் கேள்வித்தாள் அதற்கு முன்பே போயிருந்தது. 2020-ல் கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்றார்கள். ஐம்பது பேருக்கு எதற்குப் பத்திரிகை? மிச்சம் இருந்தது கோயில் வேலை. நம் ஊரில் கோயிலுக்குக் குறைவில்லைதான். ஆனால் கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அந்த வாடிக்கையாளர் மறுபடி வருகிறவரைக்கும் வாடகை கட்டிக்கொண்டு காத்திருக்க முடியுமா?

ஆக, யார் மேலும் வருத்தமில்லை. கடன் ஏறுவதற்கு முன்னால் நிறுத்தினேன். உன் மாமியார் கேட்டால் இதைத்தான் சொல், "உடம்புக்கு முடியலை" என்று சொல்லாதே. எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

மூடுவதில் இருக்கிற வேலை திறப்பதில் இல்லை. ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ய மனுப் போடணும், ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்ன் ஒன்று தனியாகப் போடணும். இ.பி. இணைப்பைத் திருப்பிக் கொடுத்து டெபாசிட் வாங்கணும். இதெல்லாம் ஆடிட்டரும் நானுமாக முடித்தோம். பைண்டிங் பார்த்த அக்காவுக்குக் கொடுக்க வேண்டியதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பணிக்கொடைச் சட்டம் பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்துக்குத்தான். நம் கடையில் ஏது பத்துப் பேர்? இருந்தாலும் அந்தச் சட்டத்தில் உள்ள கணக்கையே போட்டேன். வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம், அவர் சேர்ந்த வருஷத்திலிருந்து. அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "பாப்பா கல்யாணத்துக்கு அடிச்ச பத்திரிகை ஒண்ணு இருக்கா, வச்சிக்கிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஈய எழுத்துகள் கிலோ கணக்கில் போயின. ஈயம், ஆன்டிமணி, தகரம் கலந்தது அது. உருக்குகிறவனுக்கு அதில் 'அ' இருந்தால் என்ன, 'ஃ' இருந்தால் என்ன. எழுத்துப் பெட்டியின் அடித்தட்டு அறைகளில், கொம்பு வளைந்த பழைய லை, ணை எழுத்துகள் கொஞ்சம் கிடந்தன. 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. நான் அதற்கு மறு வருஷம் பழகுபையனாகச் சேர்ந்தேன். முதலாளி எனக்குக் கொடுத்த முதல் வேலையே, அந்தப் பழைய எழுத்துகளைப் பொறுக்கி எடுத்து ஓரமாகக் கட்டி வைப்பது. பழைய புத்தகத்தை மறுபதிப்புப் போட யாராவது வந்தால் வேண்டியிருக்கும் என்பார் அவர். யாரும் வரவில்லை. அதில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்திருக்கிறேன், உனக்குத்தான்.

ஈய எழுத்தை வைத்து அடிக்கிற பழைய டிரெடில் மிஷினை யாராவது இரும்பு விலைக்கு எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். நல்லவேளை, ஸ்வீட் கடைகளுக்கு அட்டைப் பெட்டி செய்கிற ஒருவர் வந்து எடுத்துக்கொண்டார். இனி அதற்கு மை கிடையாது. டை என்கிற வெட்டு அச்சை வைத்து அட்டையை வெட்டும், மடிப்புக்குக் கோடு போடும். போய்ப் பார்த்தேன். பெல்ட் மாற்றி, எண்ணெய் விட்டு, நம்மிடம் இருந்ததைவிடச் சுத்தமாகவே வைத்திருக்கிறார். சத்தம் மட்டும் அதே சத்தம்.

சரி, இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிஜிட்டல் பிரிண்டிங் வைத்திருக்கிற பையன் ஒருவன், நான் மூடுகிற சேதி கேட்டு வீடு தேடி வந்தான். "சார், எங்க கடைல பசங்க டிசைன் நல்லா போடுறாங்க. ஆனா மேட்டர்ல மாட்டிக்கிறோம். நீங்க வந்து, அடிக்கிறதுக்கு முன்னாடி பிழை திருத்தி புரூஃப் மட்டும் பாருங்க" என்றான். காலையில் பத்துக்குப் போகிறேன், மாலை ஐந்தரைக்குக் கிளம்புகிறேன். மாதச் சம்பளம். அறுபதைத் தாண்டிய பிறகு, ஒண்ணாம் தேதியன்று இன்னொருவர் கையால் சம்பளம் வாங்குகிறேன். முதல் மாதம் கூச்சமாக இருந்தது. இரண்டாவது மாதம் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே நடக்கிற தப்புகளைச் சொன்னால் சிரிப்பாய். பழைய பத்திரிகை ஃபைலைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றி அடித்துவிடுவார்கள், 'நிகழும் மங்களகரமான' என்பதற்கு அடுத்துப் போன வருஷப் பெயர் அப்படியே இருக்கும். விசுவாவசு பிறந்து பல மாதம் ஆகியும் குரோதி வருஷத்தில் கல்யாணம் செய்துகொள்ளப் போனவர்கள் உண்டு. உத்திராடத்தை உத்திரட்டாதி ஆக்குவார்கள். இறந்துபோன தாத்தாவை 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில் சேர்ப்பார்கள். இதெல்லாமாவது எழுத்துப் பிழை. உறவுமுறை வரிசை இருக்கிறதே, அதில் ஒரு பெயர் கீழே இறங்கினால் மண்டபத்தில் சண்டை வரும். "மணப்பெண்ணுக்குத் தாய்மாமன் எத்தனை பேர், எல்லார் பேரும் வந்ததா, மூத்தவர் யார்" என்று பார்ட்டியிடம் நான் கேட்டால், பையன்கள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். இது டிசைனில் சேர்ந்ததா என்று அவர்களுக்குச் சந்தேகம்.

நானும் அவர்களிடம் கற்றுக்கொள்கிறேன். இப்போதெல்லாம் மேட்டர் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் வருகிறது. நம் பழைய ஃபைல்கள் எல்லாம் வேறு எழுத்துருவில் இருக்கின்றன, திறந்தால் கோழி கிறுக்கின மாதிரி ஆங்கில எழுத்தாக வருகிறது. அதை மாற்றுகிற மென்பொருளை ஒரு பெண் சொல்லிக் கொடுத்தாள். பழைய கும்பாபிஷேகப் பத்திரிகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வைக்கிறேன். பன்னிரண்டு வருஷம் கழித்து வருகிறவர்களுக்கு வேண்டியிருக்குமே.

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புது காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்த ஏஜென்சியை மட்டும் நான் விடவில்லை. அதற்கு மிஷின் வேண்டாம், கடை வேண்டாம், ஒரு சைக்கிளும் பழைய வாடிக்கையாளர்களும் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நாலு கடை ஏறி இறங்குகிறேன். கேட்கிறார்கள், "அச்சகத்தை ஏன் மூடினீங்க?" என்று. கேட்டுவிட்டு ஆர்டரும் கொடுக்கிறார்கள். தினசரி காலண்டரில் ராகுகாலம், எமகண்டம் போட்ட தாளைக் கிழிக்காமல் கடையைத் திறக்க இன்னும் இந்த ஊரில் யாருக்கும் மனசு வரவில்லை. நல்லது.

எதையும் தேடவில்லையா என்று நீ கேட்பாய். தேடுகிறேன். இந்த ஊரில் யார் வீட்டில் கல்யாணம் என்று பங்காளிகளுக்கு முன்னால் தெரிவது அச்சகக்காரனுக்குத்தான். நின்றுபோன கல்யாணமும் எனக்குத்தான் முதலில் தெரியும், மீதிப் பணம் கொடுக்க வரமாட்டார்கள். அந்தப் பெருமை இப்போது இல்லை. தேர்தல் நோட்டீசில் அடித்தவர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் எல்லாக் கட்சி நோட்டீசின் அடியிலும் நம் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அதுவும் இனி இல்லை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி, "அப்பா தவறிட்டார், விடியறதுக்குள்ள கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டணும்" என்று நிற்பார்களே, அதைத் தேடவில்லை. எத்தனை ராத்திரி நீ தூங்கி எழுந்து நான் இல்லாமல் அழுதிருக்கிறாய். இப்போது அதெல்லாம் ஃப்ளெக்ஸ்காரர்கள் பாடு.

அம்மாவுக்குத்தான் கொஞ்சம் சிரமம். ஆறு மணிக்கு வீட்டில் நிற்கிற ஆம்பிளையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சீரியல் நேரத்தில் நான் கேள்வி கேட்கிறேனாம். சாயங்காலம் என்னைக் கடைக்கு அனுப்புகிறாள். முற்றின வெண்டைக்காயை வாங்கி வந்தால், "தாளைத் தொட்டுப் பார்த்தே எத்தனை ஜிஎஸ்எம் கனம்னு சொல்வீங்க, இது தெரியலையா" என்கிறாள். காவிரியில் தண்ணீர் போகிறது. சில நாள் இரண்டு பேருமாகப் பகவத் படித்துறை வரைக்கும் நடந்துவிட்டு வருகிறோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளோடு இருட்டுவதற்கு முன்னால் நான் நடந்ததே இல்லை.

அடுத்து, நீ மாதாமாதம் அனுப்புகிற பணம். அதை நிறுத்து. கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. மிஷின் விற்ற பணத்தையும் கடை அட்வான்ஸையும் சேர்த்துத் தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறேன். 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வருகிறது. சம்பளம் தனி, காலண்டர் கமிஷன் தனி. வாடகை வீடு இல்லை. எங்கள் இரண்டு பேர் சாப்பாட்டுக்கு இது தாராளம். நீ அனுப்பியதை அம்மா செலவே செய்யவில்லை, உன் பெயரிலேயே போட்டு வைத்திருக்கிறாள். எனக்கு வேண்டுமென்றால் நானே கேட்பேன். பிள்ளையிடம் கேட்பதில் எனக்கு வெட்கமில்லை.

பெங்களூருக்கு வந்து உங்களோடு இருக்கச் சொல்கிறாய். வருகிறோம், பத்து நாள் இருக்கிறோம். அதற்கு மேல் வேண்டாம். அங்கே எனக்கு என்ன வேலை? பால்கனியில் உட்கார்ந்து லிஃப்ட் போகிற சத்தத்தைக் கேட்பதா? இங்கே தை மாத முகூர்த்தத்துக்கு இப்போதே புரூஃப் வர ஆரம்பித்துவிட்டது. நான் இல்லாவிட்டால் அந்தப் பையன்கள் யாரையாவது தப்பான நட்சத்திரத்தில் கட்டி வைத்துவிடுவார்கள்.

பொங்கலுக்கு நீங்கள் வாருங்கள். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்போல 120 இல்லை. நவம்பர் நடுவிலேயே மைசூர் வண்டிக்குப் பார்த்துவிடு, அன்றைக்குக் காலையிலேயே தீர்ந்துவிடும். அப்புறம், உங்கள் அபார்ட்மென்டில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் தினசரி காலண்டர் கேட்டதாகச் சொன்னாயே, எத்தனை என்று இந்த வாரத்துக்குள் சொல். சிவகாசிக்கு ஆர்டர் அனுப்பணும். அடியில் யார் பெயர் போடணும் என்பதையும் கேட்டுச் சொல், எழுத்து எழுத்தாக. காசை முன்னாலேயே வாங்கிவிடு; தை பிறந்த பிறகு காலண்டருக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

அன்புடன்,
அப்பா
கும்பகோணம்