பிளாக்கை அளந்து பார்த்துச் சொல்லுங்கள்: என்ஜின் வேலை எடுக்கும் பணிமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

பணிமனைப் பொறுப்பாளர்களுக்கும் மூத்த மெக்கானிக்குகளுக்கும் வணக்கம்.

என்ஜின் சூடேறி நின்றுபோன கார் வருகிறது. அல்லது என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து, பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் இணைக்கும் ராடு வளைந்த கார். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, சிலிண்டருக்குள் விரலால் தடவிப் பார்த்ததுமே "பிளாக் போச்சு, மாத்தணும்" என்றோ, "ரிங் செட் போட்டா போதும்" என்றோ சொல்லிவிடுகிறார்கள். இரண்டுமே ஊகம்தான். எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: அளவெடுக்காமல் எந்த பிளாக்கையும் (சிலிண்டர்கள் அமைந்த என்ஜின் உடல்) கழிக்காதீர்கள், போரிங்குக்கும் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குதல்) அனுப்பாதீர்கள். எடுத்த அளவை ஒரு தாளில் எழுதி வண்டிக்காரர் கையில் கொடுங்கள்.

முதலில் விரிசல். வார்ப்பிரும்பு பிளாக் என்றால் காந்தத்தூள் சோதனை. அலுமினியத்தில் காந்தம் பிடிக்காது. சாயம் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டும் மேற்பரப்பில் தெரிவதைத்தான் காட்டும். பிளாக்குக்குள் கூலன்ட் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டின் உட்புறத்துக்கு பிரஷர் டெஸ்ட்தான் வழி. துளைகளை ரப்பர் வைத்த தகடுகளால் அடைத்து, 2 முதல் 3 பார் காற்றேற்றி, வெந்நீர்த் தொட்டியில் இறக்குங்கள். குளிர்ந்த நீரில் குமிழி விடாத விரிசல்கூடச் சூட்டில் வாய் திறக்கும்.

விரிசல் எந்த இடத்தில் என்பதைப் பொறுத்துத்தான் பழுதா, மாற்றா என்ற முடிவு. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். அப்படிப் பிளந்த வெளிச்சுவரைக் குளிர் முறையில் தைத்துவிடலாம். விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். பிறகு நடுவில், ஒன்றை ஒன்று கவ்வும்படி மரை ஊசிகளை வரிசையாக இறக்க வேண்டும். வெல்டிங்தான் என்றால் நிக்கல் வெல்டிங் ராடு. ஒரு தடவைக்கு 25 மி.மீ.க்கு மேல் ஓட்டக்கூடாது. ஒவ்வொரு துண்டையும் சூடு இருக்கும்போதே சுத்தியலால் மெல்லத் தட்டி, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். அவசரப்பட்டால் வெல்டுக்கு ஒட்டிய இரும்பு கடினப்பட்டு, அங்கேயே புது விரிசல் விழும். கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங் இருக்கையில் விரிசல் ஓடியிருந்தால் தயங்காமல் பிளாக்கை மாற்றுங்கள். ராடு உடைத்துக்கொண்டு வெளியே வந்த ஓட்டையில் பசை அப்பி வண்டியை அனுப்புவதை நாங்கள் ஏற்கவே மாட்டோம்.

ஹெட் வேலைக்குப் பிறகு போல்ட் குழியிலிருந்து கிளம்பும் விரிசலுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது குழிக்குள் தேங்கிய எண்ணெயையோ கூலன்ட்டையோதான். அடி மூடிய குழியில் போல்ட்டை முறுக்கினால் திரவம் அமுங்காது, பிளாக்தான் பிளக்கும். காற்றடித்து உலர்த்த ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்து சிலிண்டர். சிலிண்டர் விட்டத்தை அளக்கும் போர் கேஜை மேல், நடு, கீழ் என மூன்று ஆழத்தில், கிராங்க் நீளவாக்கிலும் குறுக்கிலும் வையுங்கள். சிலிண்டருக்கு 6 அளவு. நான்கு சிலிண்டருக்கு 24. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அங்கே அளக்காத தாள் பயன்படாது. போரிங் போட்ட சிலிண்டருக்கான, சற்றே பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் பொதுவாக 0.25, 0.50 மி.மீ. என்று வரும். ஆனால் எல்லா என்ஜினுக்கும் எல்லா அளவும் கிடைக்காது. பிஸ்டன் கைக்கு வந்த பிறகே, அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ப போரிங் போடச் சொல்லுங்கள். கடைசி 0.05 முதல் 0.08 மி.மீ. வரை ஹோனிங்குக்கு (கல்லால் சுவரைத் தேய்த்து முடிக்கும் வேலை) விட வேண்டும். சில அலுமினிய பிளாக்குகளில் லைனரே (சிலிண்டருக்குள் செருகும் உறை, ஸ்லீவ் என்றும் சொல்வோம்) இருக்காது. சுவரில் நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு மட்டும். அதைச் சாதாரண முறையில் போரிங் போட்டால் பூச்சு போய்விடும். மறுபூச்சோ ஸ்லீவோதான் கதி.

ஹோனிங் முடிந்த பிளாக்கை மண்ணெண்ணெயில் கழுவி அனுப்புவது பெரிய தவறு. அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், ஆனால் ஹோனிங் கல்லின் துகளைச் சுவரிலேயே விட்டுவிடும். புது ரிங்கை அந்தத் துகள் அரைத்துத் தள்ளும். சோப்புக் கரைத்த வெந்நீரும் பிரஷ்ஷும் வேண்டும். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் துணி சாம்பல் நிறமாகாமல் வெள்ளையாகவே வரும் வரை தேயுங்கள். உடனே எண்ணெய் தடவாவிட்டால் துரு பிடித்துவிடும்.

பேரிங் தன் இருக்கையிலேயே சுழன்றுவிட்ட என்ஜினில், மெயின் பேரிங்குகளை மூடும் மெயின் கேப்களை அவற்றின் இடத்திலேயே பூட்டி, குறித்த டார்க் அளவில் (முறுக்கு விசை) இறுக்கி, துளைகள் ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா என்று பாருங்கள். கேப்களை இடம் மாற்றக்கூடாது. பிளாக்கோடு சேர்த்துக் கடைந்தவை அவை.

மாற்று பிளாக் பழையது என்றால் அதற்கும் இதே சோதனைகள்தான். வெளியே பளபளப்பாக இருப்பதை நம்பாதீர்கள். உலோகத்தூள் ஓடிய என்ஜினிலிருந்து ஆயில் கூலரைக் கழுவி மறுபடி மாட்டாதீர்கள். அதன் மெல்லிய வழிகளில் ஒளிந்த தூள் புது பேரிங்குக்கு வந்து சேரும். பதிவு ஆவணத்தில் என்ஜின் எண் இருந்தால், பிளாக் மாறியதை அதிலும் திருத்த வேண்டும் என்று வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அளவுத் தாளில் ஒரு கட்டம் பிளாக்கின் வெப்பநிலைக்கு. அளவுகளெல்லாம் 20 டிகிரி செல்சியஸை வைத்துச் சொல்லப்படுபவை. 80 மி.மீ. போர் உள்ள வார்ப்பிரும்பு பிளாக் அதைவிட 10 டிகிரி சூடாக இருந்தால் கிட்டத்தட்ட 0.01 மி.மீ. பெரிதாகக் காட்டும். வெந்நீரில் கழுவிய பிளாக்கை அன்றே அளக்காமல் ஓர் இரவு ஆறவிடுங்கள்.

இப்படிக்கு,
போரிங், ஹோனிங் வேலை செய்பவர்கள்