தங்கவயல் ஜாவா ஓடுகிறது: கை கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் மாமாவின் 1969ஆம் வருட ஜாவா 250 மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. பெங்களூரு அல்சூர் கடைத்தெருவில் நிறுத்தினால் நாலு பேர் கூடிவிடுகிறார்கள். டாங்க்கின் குரோமைத் தொட்டுப் பார்க்கிறார்கள், மெரூன் நிறம் அப்படியே பழைய நிறம் என்கிறார்கள், "எல்லாம் வீட்டிலேயே பண்ணினீங்களாமே மேடம்" என்று என்னைக் கேட்கிறார்கள். வண்டியைப் பிரித்ததும் திரும்பப் பூட்டியதும் எங்கள் வீட்டு முற்றத்தில்தான். ஆனால் அதை ஓட வைத்த வேலையில் பெரும்பகுதி இன்ஜினுக்குள் இருக்கிறது. தெருவில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. அந்த வேலையைச் செய்தவர்கள் யாரென்று தெரியாமலே பாராட்டெல்லாம் என்னிடம் வந்து சேருவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

வண்டியைப் பற்றி முதலில் கொஞ்சம். மைசூரு ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் செய்தது. பதிவு எண் எம்.ஒய். என்று தொடங்கும், அதாவது கர்நாடகா என்று பெயர் மாறுவதற்கு முந்தைய மைசூர் மாநிலத்து எண். மாமா கோலார் தங்கவயலில் ஃபிட்டராக இருந்தபோது இதை இரண்டாம் கையாக வாங்கினார். சாம்பியன் ரீஃப் சுரங்க ஷிப்டுக்கு இதில்தான் போய்வந்தார். மைசூரு தொழிற்சாலை 1996இல் மூடியது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கமும் மூடியது. வண்டியைச் செய்த இடமும் போயிற்று, அதில் ஏறிப் போன வேலையும் போயிற்று. மாமா குடும்பத்தோடு பெங்களூரு வந்துவிட்டார். வண்டி மட்டும் தங்கவயல் தொழிலாளர் லைன் வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

அதை அங்கிருந்து ஏற்றி வந்த டெம்போ தம்பிக்கு முதல் நன்றி. நூறு கிலோமீட்டர் தூரம். பழைய டயர்களை அண்டக்கொடுத்து, மட்கார்டு நசுங்காமல் கட்டி, மேடு பள்ளம் வந்த இடத்திலெல்லாம் இறங்கி முடிச்சைப் பார்த்து ஓட்டி வந்தார். அவர் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவராம். டீசல் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

அப்புறம் எங்கள் வளாகத்துக்காரர்கள். ஆறு குடித்தனங்களுக்கும் பொதுவான முற்றம் எங்களுடையது. துணி காயப்போடுவதும் அங்கேதான், பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். அதில் பாதியை ஒரு வண்டியின் உதிரிகள் மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டன. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. சைலன்சர் இரண்டிலும் கரி கெட்டியாகப் படிந்து அடைத்திருந்தது. ஒற்றை சிலிண்டர்தான் என்றாலும் இந்த ஜாவாவுக்கு இரண்டு புகை வழி, இரண்டு சைலன்சர். காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்தால்தான் அந்தக் கரி இளகும். மேல் வீட்டு அக்கா தன் பழைய இரும்பு அண்டாவை எடுத்துக் கொடுத்து, இரண்டு நாளும் பிள்ளைகளை அந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொண்டார். அக்கா, அந்த அண்டாவைத் திருப்பித் தர எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்குப் புதிது வாங்கிவிட்டேன்.

கீழ் வீட்டு சார் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். டாங்க் உள்ளே முழுக்கத் துரு. ஆசிட் ஊற்றச் சொன்னவர்கள் நிறைய. சார் வேறு வழி சொன்னார். டாங்க் நிறையத் தண்ணீர், அதில் வாஷிங் சோடா, வாய் வழியாக டாங்க்கைத் தொடாதபடி ஒரு இரும்புக் கம்பி, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் கம்பிக்கு, நெகட்டிவ் டாங்க்குக்கு. துரு மட்டும் விட்டுப்போகும், நல்ல இரும்பு கரையாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கூடவே கூடாது, குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும் என்று கண்டித்துச் சொன்னார். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் வெட்டவெளியில் வைத்து, பக்கத்தில் யாரும் தீக்குச்சி கிழிக்காமல் காவல் இருந்தவரும் அவரே. வீட்டில் இதைச் செய்ய நினைக்கும் எல்லோருக்கும் அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

இன்ஜின் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் விரிவாக எழுத நினைத்தேன்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சுற்றும் அறையே பம்பாக வேலை செய்கிறது. காற்றும் பெட்ரோலும் முதலில் அங்கே வந்து, பிஸ்டன் கீழே இறங்கும்போது அழுத்தப்பட்டு மேலே போகின்றன. அதனால் கிராங்க்கின் இரண்டு பக்கத்து ஆயில் சீலும், அதாவது கசிவை அடைக்கும் ரப்பர் வளையமும், சரியாக இருக்க வேண்டும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகை. டைனமோ பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று நுழைந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, இன்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஜே.சி. ரோட்டில் ஒரு உதிரிபாகக் கடைக் கவுன்ட்டரில் நின்று சீல் கேட்டேன். அங்கிருந்த பெரியவர் பெட்டியிலிருந்து எடுத்த சீலை விரலால் மடக்கிப் பார்த்துவிட்டு உள்ளேயே போட்டுவிட்டார். "பழைய ஸ்டாக் மா. ரப்பர் காய்ஞ்சு போச்சு. இதைப் போட்டா ஆறு மாசத்துல திரும்பப் பிரிக்கணும்." விற்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. பழைய சீலை வெர்னியரில் அளந்து, அளவைச் சீட்டில் எழுதி, நாலு கடை தள்ளி பேரிங் விற்கும் இடத்துக்கு அனுப்பினார். அன்று அவர் கடையில் என்னால் ஒரு ரூபாய் வியாபாரமும் நடக்கவில்லை. ஐயா, உங்கள் சீட்டை வண்டியின் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பீன்யாவில் சின்ன ஷெட் வைத்திருக்கும் லேத் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. எச்.எம்.டி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கன்ராடு ஆட்டம் கண்டிருந்தது. இந்தக் கிராங்க் போல்ட் போட்டுச் சேர்த்தது கிடையாது. இரண்டு இரும்புச் சக்கரங்களுக்கு நடுவே ஒரு பின்னை அழுத்தி இறுக்கிய அமைப்பு. பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, புதிய ராடும் பின்னும் போட்டு, மறுபடி அழுத்த வேண்டும். அழுத்தியதும் வேலை முடிந்துவிடாது. இரண்டு பக்கத்துத் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஓயப்போகும் பம்பரமாகத் தலையாட்டி, பேரிங்கையும் புது சீலையும் சேர்த்துத் தின்றுவிடும். லேத்தின் இரண்டு சென்டருக்கு நடுவே வைத்து, டயல் கேஜ் முள்ளைப் பார்த்து, செம்புச் சுத்தியால் ஒரு தட்டு, மறுபடி ஒரு சுற்று, மறுபடி ஒரு தட்டு. எனக்குச் சரியாகிவிட்டதாகத் தோன்றிய பிறகும் அவர் விடவில்லை. முள் நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டருக்குள் நின்ற பிறகுதான் டீ குடிக்க எழுந்தார்.

சிலிண்டரையும் அவரே 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்குக் கடைந்து போர் செய்தார். வீட்டுக்கு எடுத்து வந்து உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தால், புகை வழியின் ஓரங்களெல்லாம் மழுங்கலாக இருந்தன. போர் செய்ததும் அந்த ஓரங்கள் கத்தியாக நிற்கும், பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். கையால் ராவி, எல்லா ஓரத்தையும் அவர் மழுக்கியிருக்கிறார். நான் கேட்கவில்லை. பில்லிலும் எழுதவில்லை. ஹெட்டை மூடிவிட்டால் இந்த வேலையை யாரும் பார்க்கப் போவதில்லை. நான் பார்த்தேன் அண்ணா. எல்லோருக்கும் சொல்கிறேன்.

பெங்களூருவை மென்பொருள் ஊர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். 1940இல் விமானம் செய்யும் எச்.ஏ.எல்., 1948இல் தொலைபேசி செய்த ஐ.டி.ஐ., 1953இல் எந்திரக் கருவி செய்த எச்.எம்.டி., அதே காலத்தில் ஆடுகோடியில் ஸ்பார்க் பிளக் செய்த மைக்கோ என்று வந்த ஆலைகள் இந்த ஊரில் ஒரு தலைமுறைக்கே மைக்ரான் கணக்கு பார்க்கக் கற்றுக்கொடுத்தன. அவர்களில் எத்தனையோ பேர் நம் தமிழர்கள். அந்தக் கைகள் இன்னும் பீன்யாவிலும் ராஜாஜிநகரிலும் தகர ஷெட்டுகளுக்குள் இருக்கின்றன. நம் ஊர்ப் பெருமை என்று நான் அவர்களைத்தான் சொல்வேன்.

கலாசிபாளையத்து எலெக்ட்ரீஷியன் பாய்க்கு நன்றி. டைனமோ ஆர்மேச்சரைப் புதிதாகச் சுற்றிக் கொடுத்தார். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிடலாம் என்று பலரும் சொன்ன நேரத்தில், "ஆறு வோல்ட்லயே நல்லா எரியும், எர்த்தைச் சுத்தம் பண்ணுங்க போதும்" என்று நம்பிக்கை கொடுத்தவர் அவர்தான். நன்றாகவே எரிகிறது.

காமாட்சிபாளையாவில் பிளேட்டிங் செய்தவர்கள் நிக்கலுக்கு முன்பே பஃபிங்கில் நேரத்தைச் செலவழித்தார்கள். மினுமினுப்பு வருவது அங்கேதானாம், மேலே ஏறும் குரோம் மெல்லிய படலம். அவர்களுக்கும், மட்கார்டின் நசுங்கலைப் பட்டி அதிகம் பூசாமல் தட்டியே எடுத்த டிங்கரிங் அண்ணனுக்கும் நன்றி.

டாங்க்கில் தங்க நிறக் கோடு போட்டவர் ஸ்ரீராமபுரத்துக்காரர். சினிமா பேனர் வரைந்தவர். பிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை அழித்த பிறகு போர்டும் ஆட்டோவும் எழுதுகிறார். ஸ்டிக்கர் ஒட்டினால் பத்து நிமிட வேலை. அவர் நீளமான அணில் முடித் தூரிகையைப் பெயின்ட்டில் தோய்த்து, சுண்டு விரலை டாங்க்கில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னிருந்து பின்வரை ஒரே இழுப்பு. டேப் ஒட்டவில்லை, ஸ்கேல் வைக்கவில்லை. வளாகத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் சத்தம் போடாமல் நின்று பார்த்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கோடு ஒரு இடத்தில் இம்மி தடிப்பாக இருக்கும். அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். அண்ணனிடம் வேலை இருப்பவர்கள் என்னைக் கேளுங்கள், வீட்டுக்கே அழைத்துப் போகிறேன். இந்தக் கை சும்மா இருக்கக் கூடாது.

ஆர்.சி. புதுப்பித்தலில் உதவிய ஆர்.டி.ஓ. அலுவலக அம்மாவுக்கும் நன்றி. ஐம்பது வருடம் கடந்த வண்டி என்பதால் 2021 விதிப்படி வின்டேஜாகப் பதிந்து வி.ஏ. எண் வாங்கலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. ஓட்டத்தானே இத்தனை பாடு! பழைய எண்ணிலேயே புதுப்பிக்க என்னென்ன தாள் வேண்டும் என்று அவர்தான் பொறுமையாக எழுதிக் கொடுத்தார்.

கடைசியாக மாமா. நான் பிரித்துப் போட்டதில் ஒரு வாஷர் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாதபோது அவருக்குத் தெரிந்திருந்தது. இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், வைக்க என்னிடம் கருவி இல்லை. பிளக் துளை வழியாக ஆழம் அளந்து, பிஸ்டன் உச்சிக்கு மூன்று மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தச் சொன்னார். கரண்ட்டைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் பாயிண்டுக்கு நடுவே சிகரெட் தாளைச் செருகி, "மெல்ல இழுத்துக்கிட்டே இரு பாப்பா, தாள் கழன்று வர்ற இடம்தான் கணக்கு" என்றார். கியர் லீவரையே மேலே திருப்பிக் கிக்கராக்கி அவர் உதைத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. முற்றம் முழுக்கப் புகை. மேல் வீட்டுப் பாட்டி இருமிக்கொண்டே கை தட்டினார். பாட்டி, மன்னியுங்கள், உங்களுக்கும் நன்றி.

இதில் எழுதிய எவரும் எப்போது வேண்டுமானாலும் வந்து இந்த வண்டியை எடுத்து ஓட்டலாம். சாவி மாமாவிடம் இருக்கும். இன்ஜின் இன்னும் படியவில்லை, அதனால் விரட்ட வேண்டாம். பெட்ரோல் போடுகிறவர்கள் லிட்டருக்கு 50 மில்லி டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து போடுங்கள். ஆயில் டப்பா சீட்டுக்குக் கீழே இருக்கிறது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் டாங்க் சீக்கிரம் ஈரம் பிடிக்கும். இரண்டு வாரம் நிறுத்துவதாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், வடித்துவிடுகிறேன்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து, மாமாவின் பாப்பா