வீடியோ ஏன் திக்குகிறது என்று எங்களிடம் சொல்லுங்கள்

வீட்டு உபயோகத்துக்கு வீடியோ எடிட்டிங் மென்பொருள் செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் சில மாதமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் என் நேரமெல்லாம் நீங்கள் செய்த மென்பொருளோடுதான் போகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

திருக்கடையூரில் என் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. கலச நீரை எடுத்து, உட்கார்ந்திருக்கும் தம்பதி தலையில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஊற்றுவார்கள். எங்கள் பாட்டிக்கு 84 வயது. கை நடுங்க நடுங்க சொம்பைத் தூக்கித் தன் மகன் தலையில் ஊற்றினாள். அந்த எட்டு விநாடியைச் சித்தப்பா மகன் தன் போனில் அழகாகப் பிடித்திருந்தான். போனில் பார்த்தால் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி விழுகிறது. அதையே லேப்டாப்பில் டைம்லைனில், அதாவது மென்பொருளில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், வைத்து ஓட்டினால், பாட்டி சொம்பைச் சாய்க்கிறாள், படம் நிற்கிறது, நாதஸ்வரச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது, அடுத்து பார்த்தால் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் தண்ணீர் விழவே இல்லை.

கிளிப் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அவனிடம் திரும்ப அனுப்பச் சொன்னேன். அப்புறம் லேப்டாப் மேல் சந்தேகம் வந்தது, ரேமை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கினேன், மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன், ஹார்டு டிஸ்கில் இருந்த பழைய படங்களை எல்லாம் அழித்து இடம் பண்ணினேன். ஒன்றும் மாறவில்லை. இத்தனைக்கும் மென்பொருள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குக் காரணம் தெரியாமலா இருந்தது? எந்த பிரேமை, அதாவது வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனிப்படங்களில் எதை, அது விட்டது, சுருக்கி வைத்திருந்த எதை விரிக்க நேரம் போதவில்லை என்று அதற்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டே சும்மா இருந்தது. என் வருத்தம் முழுக்க இதில்தான்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. வேறு யாருக்கும் அப்படி ஆக வேண்டாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்த விஷயமாக இருந்தாலும்.

4கே படத்தில் ஒரு பிரேமுக்கு 82 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். விநாடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 33 மில்லி விநாடி. போன் இதை அப்படியே சேமித்தால் இடம் தாங்காது, அதனால் எச்.264 அல்லது எச்.இ.வி.சி முறையில் சுருக்குகிறது. எப்போதாவது ஒரு பிரேமை மட்டும் முழுசாக வைத்துக்கொண்டு, மற்ற பிரேம்களில் அதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைக்கிறது. முதலிலிருந்து நேராகப் பார்க்கிறவனுக்கு இது நல்ல ஏற்பாடு. எடிட் செய்கிறவன் அப்படிப் பார்ப்பதில்லையே. நடுவில் குதிப்பான், பின்னால் போவான், அதே இடத்தை பத்துத் தடவை தேய்ப்பான். ஒவ்வொரு தடவையும் அதற்கு முந்தைய முழு பிரேமைத் தேடிப் பிடித்து அங்கிருந்து வரிசையாகக் கணக்குப் போட்டுத்தான் நான் கேட்ட பிரேமைக் காட்ட முடியும்.

மினி டிவி (MiniDV) கேமரா கேசட் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அந்த டிவி (DV) முறையில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனி. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும், ஆனால் பென்டியம் 4 கம்ப்யூட்டரிலேயே வெண்ணெய் மாதிரி ஓடும். 2006-இல் ஏ.வி.சி.எச்.டி கேமராக்கள் எச்.264-ஐ வீட்டுக்குள் கொண்டுவந்தன, 2017-இல் ஐபோன் எச்.இ.வி.சி-க்கு மாறியது. கோப்பு சின்னதாக ஆக ஆக, அதை விரிக்கிற வேலை பெரிதாகிக்கொண்டே வந்தது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து எடிட் செய்கிறவனுக்கு இதை யாரும் சொல்லவே இல்லை.

என் லேப்டாப் 2016-இல் வாங்கியது. அதிலிருக்கும் இன்டெல் ஆறாம் தலைமுறைச் சிப் 8 பிட் எச்.இ.வி.சி-யைத் தானே விரித்துவிடும் (பிட் என்பது ஒவ்வொரு புள்ளியின் நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறது என்பதன் அளவு), 10 பிட் என்றால் அதற்கு முடியாது, பாரம் முழுக்க பிராசஸர் தலையில் விழும். சித்தப்பா மகனின் போனில் எச்.டி.ஆர், அதாவது வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதல் நுணுக்கத்தோடு பிடிக்கும் வசதி, ஆன் ஆகி இருந்தது, எச்.டி.ஆர் என்றால் 10 பிட். என் போனில் எடுத்தது ஒழுங்காக ஓடியதும் அவன் போனில் எடுத்தது திக்கியதும் இதனால்தான். மீடியாஇன்ஃபோ என்கிற இலவச மென்பொருளில் இரண்டு கிளிப்பையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், 8 என்றும் 10 என்றும் இருந்த அந்த ஒரு எண் கண்ணில் பட்டது. ரேமுக்குக் கொடுத்த காசு வீண்.

இதைவிட முக்கியமான ஒன்று. திக்கல் இரண்டு வகை. ஒன்று எடிட் செய்யும்போது மட்டும் தெரிவது, எக்ஸ்போர்ட் செய்தால், அதாவது முடித்ததைத் தனிக் கோப்பாக எடுத்தால், படம் சரியாகவே இருக்கும். இன்னொன்று எக்ஸ்போர்ட் செய்த படத்திலும் அப்படியே போய் உட்கார்ந்துகொள்வது. போட்டோகிராபர் 25 பிரேமில் எடுத்திருந்தார், நாங்கள் போனில் எடுத்தது 30. டைம்லைனை 25-இல் வைத்தால் போன் கிளிப்பில் ஆறு பிரேமுக்கு ஒன்று காணாமல் போகும், தவில்காரர் கை விட்டு விட்டு நகரும். போதாததற்கு, வெளிச்சம் குறைந்த இடத்தில் பல போன்கள் பிரேம் எண்ணிக்கையைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். மண்டபத்துக்குள் எடுத்த கிளிப் முழுக்க அப்படித்தான் இருந்தது, மந்திரம் ஒரு பக்கம் போக ஐயர் வாய் ஒரு பக்கம் போனது. ஹேண்ட்பிரேக் என்கிற மாற்றும் மென்பொருளில் போட்டு ஒரே சீரான பிரேம் எண்ணிக்கைக்கு மாற்றிய பிறகுதான் வழிக்கு வந்தது.

இந்த இரண்டு வகையும் உங்கள் பிரிவியூவில் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? நான் பயந்துபோய், பாட்டி தண்ணீர் ஊற்றும் அந்த எட்டு விநாடியை முதல் தடவை வெட்டியே போட்டுவிட்டேன். அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா ஊத்தினது எங்கடா?" என்று கேட்டார்.

முதல் வகைத் திக்கலுக்குத் தீர்வு உங்கள் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் மனசை அறுக்கிறது. ப்ராக்ஸி. ஒவ்வொரு கிளிப்புக்கும் லேசான நகல் ஒன்று செய்துகொண்டு, வெட்டுவது ஒட்டுவது எல்லாம் நகலில் நடந்து, கடைசியில் எக்ஸ்போர்ட் மட்டும் அசலிலிருந்து வருவது. இது புது யோசனையும் இல்லை. பிலிம் காலத்தில் கோடம்பாக்கத்தில் நெகட்டிவிலிருந்து ரஷ் பிரிண்ட் என்கிற வேலை நகல் போட்டு அதைத்தான் மூவியோலா என்கிற எடிட்டிங் இயந்திரத்தில் ஓட்டி ஓட்டி வெட்டினார்கள், நெகட்டிவ் பத்திரமாக லேபில் இருக்கும், எடிட்டிங் முடிந்த பிறகுதான் அதில் கத்தரி படும். ரஷ் பிரிண்டில் கீறல் விழுந்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது என்று எடிட்டர்களுக்குத் தெரியும். அந்த நிம்மதியைத்தான் நான் கேட்கிறேன்.

நான் பயன்படுத்தும் மென்பொருளில் ப்ராக்ஸி வசதி மெனுவுக்குள் மெனுவுக்குள் மெனுவாக இருந்தது. பெயரைப் பார்த்து அது என்ன செய்யும் என்று ஊகிக்கவே முடியாது. தரம் குறைந்துவிடுமோ என்று பயந்து நானே ஒரு வாரம் அதைத் தொடவில்லை. போட்ட பிறகு தண்ணீர் விழுந்தது. அவ்வளவுதான் வித்தியாசம், 540 வரி உயரத்துக்கு ஒரு நகல்.

ஆகவே கேட்கிறேன். கிளிப்பை உள்ளே இழுத்துப் போடும்போதே அதைப் பரிசோதித்துப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தால் அப்போதே சொல்லுங்கள். ஷாட்கட் என்கிற எடிட்டிங் மென்பொருள் இதைச் செய்கிறது, எடிட் செய்ய வசதியான கோப்பாக மாற்றித் தரட்டுமா என்று கேட்கிறது. கேடென்லைவ் என்கிற இன்னொன்றில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அகலமான வீடியோ வந்தால் தானாகவே ப்ராக்ஸி செய்துகொள்ளும்படி வைக்கலாம். பிரீமியரில் ஓட்டும்போது பிரேம் விட்டுப்போனால் பச்சை விளக்கு மஞ்சளாகும்படி வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் காசில்லாமல் கிடைப்பவை. ஆகக்கூடிய காரியம்தான் இது.

விளக்கு மட்டும் போதாது, காரணம் வேண்டும். "இந்த கிளிப் 10 பிட் எச்.இ.வி.சி. உங்கள் கம்ப்யூட்டரால் இதை வேகமாக விரிக்க முடியவில்லை. உங்கள் கோப்பில் குறை எதுவும் இல்லை. லேசான நகல் செய்துகொள்ளட்டுமா?" இந்த நாலு வரி என் மூன்று வாரத்தை மிச்சப்படுத்தியிருக்கும். பென்டிரைவிலிருந்து நேராக ஓட்டுவதால் திக்கினால், முதலில் ஹார்டு டிஸ்குக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நிறம் திருத்தியதாலோ நடுக்கம் போக்கும் எபெக்ட் போட்டதாலோ திக்கினால், அந்தத் துண்டை மட்டும் ரெண்டர் செய்துகொள்ள, அதாவது முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ள, சொல்லுங்கள். டைம்லைனின் பிரேம் எண்ணிக்கையை ஆரம்பத்திலேயே கேளுங்கள். சில மென்பொருள்களில் கிளிப்பை வைத்த பிறகு அதை மாற்றவே முடிவதில்லை.

முடிந்தால் இதையெல்லாம் தமிழில் சொல்லுங்கள். காதுகுத்து, வளைகாப்பு, பள்ளி ஆண்டு விழா என்று வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். என் அத்தை தன் பேத்தியின் நடன வீடியோவை இரண்டு வருஷமாக வெட்டாமல் வைத்திருக்கிறார், "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டு. போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை, கிளிப்புக்கு நகல் செய்துகொடுத்தேன், சாயங்காலத்துக்குள் அவரே பாதிப் படத்தை முடித்துவிட்டார்.

பாட்டி தண்ணீர் ஊற்றும் கிளிப்பும், மண்டபத்துக்குள் எடுத்ததும், 25 பிரேமில் வந்ததும் என் ஹார்டு டிஸ்கில் அப்படியே இருக்கின்றன. உங்கள் மென்பொருளில் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் கேளுங்கள், வீட்டில் எல்லோரிடமும் சம்மதம் வாங்கி வைத்திருக்கிறேன், அசலையே அனுப்புகிறேன்.

அன்புடன்,
வீட்டில் உட்கார்ந்து எடிட் செய்கிற ஒருவன்