உன் இருமலைப் பற்றி

அன்புள்ள தேவகிக்கு,

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு குளிர்ந்தது. ஆனால் கடைசியில் போகிற போக்கில், "இருமல் விட்டபாடில்லை, வயசாகிறதல்லவா" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. வயசு இல்லை தேவகி. எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

போன வருஷம் மகள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவு போட்டேன். அத்தனை அலைச்சலிலும் ஒரு தடவைகூட இருமவில்லை. பல் கிளினிக் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வாஷ்பேசின் பக்கத்தில் கருவிகளை ஊற வைக்கிற டிரேயின் மூடியைத் திறந்தேன். அதே பச்சைத் திரவம், அழுகின ஆப்பிள் மாதிரி அதே நெடி. அன்று ராத்திரி படுத்ததும் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி சத்தம். வீட்டுக்கு வந்தபிறகு வருவதால்தான் இதையும் வேலையையும் நாம் முடிச்சுப் போடுவதே இல்லை. விரல் நுனியில் பழுப்புக் கறை படியுமே, கழுவினாலும் போகாதே, அதுவும் அந்தப் பச்சைத் திரவத்தில் இருக்கும் கிருமிநாசினி, குளுட்டரால்டிஹைடு, செய்கிற வேலைதான். லேடெக்ஸ் கையுறைக்குள்ளே கசிந்து வந்துவிடும். நைட்ரைல் கையுறை போட வேண்டும். நாம் நம்பியிருந்த மாஸ்க் எச்சிலைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

பிரிட்டனில் வேலை செய்யும் இடத்துக் காற்றில் இதற்கு வைத்திருக்கும் வரம்பு 0.05 பிபிஎம், அதாவது இரண்டு கோடியில் ஒரு பங்கு! நெடி நன்றாக மூக்கில் ஏறுகிறது என்றால், அந்த வரம்பை ஒட்டியாவது வந்துவிட்டோம் என்று அர்த்தம். ஒருமுறை உடம்பு இதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், அப்புறம் துளியூண்டு போதும், இழுப்பு வந்துவிடும்.

எனக்கு ஆறவே ஆறாதது இதுதான். 2 சதவீதக் கரைசலில் கிருமி முழுக்கச் சாக 10 மணி நேரம் ஊற வேண்டும். ஒரு நோயாளி எழுந்து அடுத்தவர் உட்காருவதற்குள் நாம் 20 நிமிஷம் ஊற வைத்து எடுத்துக் கொடுத்தோம். நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் ஆட்டோக்ளேவில் 134 டிகிரி வந்தபின் 3 நிமிஷத்தில் முடிகிற காரியம். மிரருக்கும் ஃபோர்செப்ஸுக்கும் அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. அரைகுறை வேலைக்காக இத்தனை வருஷம் விஷத்தை மூச்சில் இழுத்திருக்கிறோம்.

எங்கள் கிளினிக் டாக்டரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எங்களுக்குப் பற்றாக்குறை ஆட்டோக்ளேவ் இல்லை, கருவி செட். கூடுதலாகச் சில செட் வாங்கினார், டிரே போய்விட்டது. நாற்காலி, லைட் பிடி எல்லாவற்றிலும் கிருமிநாசினியை ஸ்ப்ரே அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைக்கிறோம். ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) இருக்கும் இடத்தில் ஆசிட் கிளீனரைக் கொண்டுவரக் கூடாது என்று புதிதாக வந்த பெண்ணுக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

நீ இருமல் மருந்தை மாற்றி மாற்றிக் குடிக்காதே. மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று காட்டுகிற பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கி, தினம் நாலு தடவை ஊதி நோட்டில் எழுது, மூன்று வாரத்துக்கு. லீவு நாளிலும் விடாதே, வித்தியாசம் தெரிவதே அந்த நாட்களில்தான். கிளினிக்கில் இருக்கும் பாட்டில் லேபிளையும் அப்படியே எழுதிக்கொண்டு நுரையீரல் டாக்டரைப் போய்ப் பார். சீக்கிரம் விலகினவர்களுக்குத்தான் நன்றாகத் தேறுகிறது. நான் தாமதித்துவிட்டேன், இப்போதும் இன்ஹேலர் கைப்பையில் இருக்கிறது.

முதல் வாரத்து எண்களை அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்பு. பேத்தி போட்டோவும் வேண்டும்.

உன்,
சரசு