லோவல் பென்னியனின் தாள்களைப் படிக்க உதவியவர்களுக்கு

அன்புடையீர்,

லோவல் பென்னியனைப் பற்றி நான் எழுதிய சிறு நூல் ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. நன்றியுரைக்குக் கிடைத்தது அரைப் பக்கம். அதில் உங்கள் யாரையும் ஒழுங்காக நிறுத்த முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

உங்களில் சிலர் யாருக்காக இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்று தெரியாமலே உதவினீர்கள். ஆகவே முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1908ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் ஒரு மார்மன் குடும்பத்தில் பிறந்தவர் பென்னியன். மார்மன் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபை. 1928ல் பட்டம், அதே ஆண்டு மெர்ல் கோல்டனோடு திருமணம். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மனைவியை ஊரில் விட்டுவிட்டு, சபையின் சார்பில் மதப்பணி செய்ய ஜெர்மனிக்குப் போய்விட்டார். பணி முடிந்ததும் மெர்லும் அங்கே போய்ச் சேர்ந்தார். பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் முனைவர் ஆய்வு. சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபரின் ஆய்வுமுறை பற்றி அவர் எழுதியது 1933ல் நூலாக வந்தது. வெபரைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த ஆரம்பகால நூல்களில் அது ஒன்று. இப்படிப்பட்டவர் பெரிய பல்கலைக்கழகம் எதையாவது தேடிப் போயிருக்கலாம். பொருளாதார மந்தம் ஒரு பக்கம், அவருடைய சுபாவம் ஒரு பக்கம். ஊருக்கே திரும்பி வந்து சமய ஆசிரியர் ஆனார்.

மார்மன் சபைக்கு 'இன்ஸ்டிடியூட்' என்றொரு ஏற்பாடு உண்டு. அரசுப் பல்கலைக்கழகத்தில் சமயப் பாடம் நடத்த முடியாது. அதனால் வளாகத்துக்குப் பக்கத்திலேயே சபை ஒரு கட்டடம் கட்டி, தன் பிள்ளைகளுக்கு அங்கே வகுப்பு எடுக்கும். முதல் இன்ஸ்டிடியூட் 1926ல் ஐடஹோ மாநிலத்தின் மாஸ்கோ என்ற ஊரில் தொடங்கியது. யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒன்றை 1930களின் நடுவில் தொடங்கி வளர்த்தவர் பென்னியன். உயிரியல் வகுப்பில் டார்வினைப் படித்துவிட்டுக் குழம்பி வரும் பையனை விரட்டாமல் உட்காரவைத்துப் பேசுபவர் என்று பெயரெடுத்தார்.

இனி நன்றிக்கு வருகிறேன். முதல் நன்றி, யூட்டா பல்கலைக்கழகத்து மேரியட் நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு. பென்னியனின் தாள்கள் அங்கேதான் இருக்கின்றன. பையை வெளியே வைக்க வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு உறைதான். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் புரிந்தது, இந்தக் கெடுபிடி இல்லையென்றால் எனக்கு முன்னால் வந்தவர்களே தாள்களைக் கலைத்துப் போட்டிருப்பார்கள். நான் முகம் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். துருப்பிடித்த கிளிப்புகளைக் கழற்றி, அமிலமில்லாத உறைகளில் மாற்றி, எந்தப் பெட்டியில் எது என்று பட்டியல் போட்டவர்கள் அவர்கள். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் நான் முதல் பெட்டியிலேயே மூழ்கியிருப்பேன். ஆய்வாளர்கள் அதை அடிக்குறிப்பில்கூடச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

அடுத்து, அவருடைய பழைய மாணவர்களுக்கு. எண்பதைத் தாண்டிய வயதிலும் தொலைபேசியில் பொறுமையாகப் பேசினீர்கள். 1962ல் அவர் இன்ஸ்டிடியூட்டை விட்டு விலக வேண்டி வந்ததைப் பற்றிக் கேட்டபோது யாரும் பேச்சை மாற்றவில்லை. சபையில் சாதாரண ஆண்களுக்கும் குருத்துவப் பொறுப்பு உண்டு; ஆனால் ஆப்பிரிக்க வழிவந்த ஆண்களுக்கு அது இல்லை என்ற தடை 1978 வரை இருந்தது. அது சரிதானா என்று அதற்கு வெகுகாலம் முன்பே கேட்டவர் பென்னியன். கேட்டுவிட்டு சபையை விட்டுப் போகவும் இல்லை, வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. இதில் வீரமும் உண்டு, வலியும் உண்டு. வலியைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதியைத்தான் நூலில் சேர்த்தேன். மீதி உங்களுடையது.

பிறகு அவர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தார். ஐடஹோவின் டீட்டன் பள்ளத்தாக்கில் பையன்களுக்காகக் கோடைக்காலப் பண்ணை நடத்தினார். வேலி கட்டுவதும் வைக்கோல் அள்ளுவதும்தான் அங்கே பாடம். 1972லிருந்து சால்ட் லேக் வட்டாரத்தின் சமூக சேவைக் குழுவை நடத்தினார். பழைய பிக்கப் வண்டியில் தனியாக வாழும் கிழவிகள் வீட்டுக்கு உணவு மூட்டை கொண்டுபோவார். அந்தப் பண்ணைக்கு என்னைக் காரில் அழைத்துப்போய், வழியெல்லாம் கேள்விகளால் துளைத்த நண்பனுக்கு நன்றி. பெட்ரோல் காசு இன்னும் பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.

திருச்சிப் பெரியப்பாவுக்குத் தனியாகச் சொல்லியாக வேண்டும். முதல் படியைக் கையில் கொடுத்ததும், "மார்மன்னா நாலைஞ்சு கல்யாணம் பண்ணிக்கிறவங்கதானே, அவங்களைப் பத்தி உனக்கென்னடா?" என்றீர்கள். சபை 1890லேயே அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது என்று அப்போது சொன்னேன். ஆனால் நம்மூர் வாசகரும் அதைத்தான் முதலில் கேட்பார் என்பது உங்களால்தான் உறைத்தது. முதல் இயலையே மாற்றி எழுதினேன். பிறகு, பென்னியன் கீதையின் "கடமையைச் செய், பலனில் உனக்கு உரிமையில்லை" என்ற வரியை ஓயாமல் மேற்கோள் காட்டுவார் என்று படித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப நம்மாளுதான்" என்றீர்களே! இல்லை பெரியப்பா, அவர் கடைசிவரை மார்மன்தான். அதனால்தான் அந்த வரி அவர் வாயிலிருந்து வந்தது எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஜெர்மன் சொற்களைச் சரிபார்த்துக் கொடுத்த தோழிக்கும், எழுத்துப் பிழை திருத்தியவருக்கும் நன்றி. வெபர் பற்றிய இயலை வெட்டச் சொன்ன பதிப்பாசிரியருக்கு அரை மனதோடு நன்றி. வெட்டியது நல்லதுதான்.

பென்னியன் 1996ல் காலமானார். பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் 1987ல் தொடங்கிய சேவை மையத்துக்கும் மேரியட் நூலகத்துக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பப்போகிறேன். தமிழ் தெரிந்தவர் எவராவது என்றைக்காவது எடுத்துப் பார்க்கட்டும். உங்களுக்கான பிரதிகள் கட்டி வைத்தாயிற்று. வீடு மாறியவர்கள் மட்டும் புது முகவரியை அனுப்பிவையுங்கள்.

நன்றியுடன்,
நூலாசிரியன்